திரையைப் பார்த்துக் கேட்பது

ஒலிப்பதிவு முடிந்த வயலின் ட்ராக் ஒன்றைக் கணினித் திரையில் விரித்து வைத்திருக்கிறோம். ட்ராக்கின் உயரம் 200 பிக்சல். நடுக்கோட்டுக்கு மேலே 100, கீழே 100. ஒலி தன் உச்ச அளவைத் தொடும்போது அலை முழு 100 பிக்சலுக்கு எழும். வில் தந்தியை விட்டு விலகிய பிறகு கூடத்தின் ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்குகிறது. அது உச்சத்தைவிட 40 டெசிபெல் இறங்கும்போது அலையின் வீச்சு நூறில் ஒரு பங்கு, திரையில் ஒரே ஒரு பிக்சல். இன்னும் 6 டெசிபெல் இறங்கினால் அரை பிக்சல். அதற்குப் பிறகு கண்ணுக்குத் தெரிவது நேர்கோடுதான். ஆனால் அமைதியான அறையில் நல்ல ஹெட்ஃபோன் மாட்டியிருப்பவருக்கு அந்த ரீங்காரம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும். திரையை நம்பி எடிட் செய்பவர் கோடு நேரான இடத்தில் கத்தரி வைக்கிறார். பாட்டு வெளிவந்த பின் கேட்பவருக்கு அந்த இடத்தில் ஏதோ சட்டென்று அறுந்ததுபோல் இருக்கும். என்ன குறை என்று சொல்லத் தெரியாது.

எடிட் செய்தவரின் காதில் ஒரு கோளாறும் இல்லை. அலையின் வீச்சை நேர் அளவில் வரையலாம் என்று மென்பொருளை வடிவமைத்தவர் எடுத்த முடிவுதான் அந்த வெட்டுக்குக் காரணம். காது நேர் அளவில் கேட்பதில்லை. 10 டெசிபெல் ஏறினால்தான் ஒலி ஏறக்குறைய இரு மடங்கு உரத்ததாக நமக்குப் படுகிறது. படத்திலோ 6 டெசிபெலுக்கே உயரம் இரு மடங்காகிவிடுகிறது. அதே ட்ராக்கை டெசிபெல் அளவில் வரைந்தால் ரீங்காரத்தின் வால் முழுவதும் திரையில் தெரியும், கத்தரியும் சரியான இடத்துக்கு நகரும். ஒலிக்கோப்பில் ஒரு பிட் கூட மாறவில்லை. படம் மாறியது, அதனால் பாட்டு மாறியது.

இசைத் தயாரிப்பு மென்பொருளில் திரை வடிவமைப்பு முக்கியமா என்ற கேள்விக்கு, ‘காதுதான் முக்கியம், திரை எப்படி இருந்தால் என்ன’ என்று பதில் சொல்பவர்கள் நிறையப் பேர். காதின் மேல் அவர்கள் வைத்திருக்கும் மரியாதை எனக்கும் உண்டு. அந்த மரியாதையால்தான் அவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. காது தனியாக வேலை செய்யும் உறுப்பாக இருந்தால் அவர்கள் சொல்வது சரி. அது அப்படி வேலை செய்வதில்லை.

ஒலியைப் படமாக்கும் ஆசை ஒலிப்பதிவைவிட மூத்தது. எடிசனின் ஃபோனோகிராஃப் 1877-இல் வந்தது. அதற்கு 20 ஆண்டு முன்பே, 1857-இல், பாரிஸில் அச்சுத் தொழிலில் இருந்த எதுவார்-லியோன் ஸ்காட் தெ மார்தன்வீல் ஃபோனாட்டோகிராஃப் என்ற கருவிக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கூம்பின் வழியே வரும் குரல் மெல்லிய சவ்வை அதிர வைக்கும்; சவ்வில் ஒட்டிய முள், புகைக்கரி பூசிய தாளில் அலையைக் கீறும். கீறியதைத் திரும்ப ஒலிக்க வைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. குரலைக் கண்ணால் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்.

1860-இல் அவர் பதிந்த ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாடலின் தாளை 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றி ஒலியாக மாற்றினார்கள். உலகமே கேட்டது. ஒரு பெண்ணோ குழந்தையோ பாடுவதுபோல் இருந்தது. அடுத்த ஆண்டுதான் தெரிந்தது, கோட்டின் வேகத்தை அவர்கள் இரு மடங்காகக் கணக்கிட்டிருந்தார்கள் என்று. சரியான வேகத்தில் ஓட்டியபோது மெதுவாக, நிதானமாகப் பாடும் ஓர் ஆணின் குரல் வந்தது. அநேகமாக ஸ்காட்டின் குரலே. அந்த ஒலிப்படம், தன்னை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டதால், ஓர் ஆண்டு முழுக்க வேறொரு ஆளின் குரலாக உலவியது. இன்றைய திரைகளில் ஓடும் ஒவ்வொரு அலைவடிவமும் அந்தக் கரித்தாளின் வாரிசு.

கண், காது சொல்வதை எந்த அளவு மாற்றும்? 1976-இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் இருவரும் செய்து காட்டிய சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். ‘பா’ என்ற ஒலியை, ‘கா’ என்று சொல்லும் உதடுகளின் படத்தோடு சேர்த்து ஓட்டினால், பெரும்பாலோர் ‘டா’ என்று கேட்கிறார்கள். ஒலியிலும் இல்லாத, படத்திலும் இல்லாத எழுத்து. ஏமாற்று வேலை என்று முன்கூட்டியே தெரிந்தவருக்கும் ‘டா’தான் கேட்கும், கண்ணை மூடினால் ‘பா’ திரும்பிவிடும்.

இசைக்கு இன்னும் நெருக்கமான சோதனை 2007-இல் வெளியானது. மரிம்பா என்ற மரக்கட்டை இசைக்கருவியில் குச்சி பட்டதும் ஸ்வரம் எழுகிறது. அடித்த பிறகு கையை நீளமாக இழுத்தாலும் சட்டென்று நிறுத்தினாலும் ஒலியின் நீளத்தில் வித்தியாசம் ஏற்படுவதில்லை. ஆனால் தேர்ந்த கலைஞர்கள் நீண்ட ஸ்வரத்துக்குக் கையை நீளமாக வீசுவார்கள். இது வெறும் பாவனையா? மைக்கேல் ஷுட்ஸ், ஸ்காட் லிப்ஸ்காம்ப் இருவரும் ஒலியை மட்டும் கேட்க வைத்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. வீடியோவும் சேர்ந்ததும், நீண்ட வீச்சுக்கு ஸ்வரம் நீளமாகவே கேட்டது. ‘படத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள், ஒலியை மட்டும் மதிப்பிடுங்கள்’ என்று சொன்ன பிறகும் அப்படியே.

இந்த இடத்தில் ஒரு ஸ்டுடியோ அனுபவத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ பிளக்-இன்னில் நாபைத் திருப்பி, குரல் கொஞ்சம் பளிச்சென்று ஆனதாக உணர்ந்து, இன்னும் அரை டெசிபெல் கூட்டி, திருப்தியோடு நிமிரும்போதுதான் அந்தப் பிளக்-இன் ஆன் ஆகவே இல்லை என்று தெரியவரும். சவுண்ட் இன்ஜினியர்கள் நடுவே இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மரிம்பாக்காரரின் கைவீச்சு செய்த வேலையை இங்கே திரையில் உயர்ந்த வளைகோடு செய்திருக்கிறது. மூளை பொய் சொல்லவில்லை; கைக்கு வந்த எல்லாச் சாட்சியங்களையும் சேர்த்து ஒரு தீர்ப்பு எழுதுகிறது. வளைகோடும் அதற்கு ஒரு சாட்சியம்தான்.

கண் எப்போதும் ஜெயிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 2000-இல் லாடன் ஷாம்ஸ் குழுவினர் திரையில் ஒரே ஒரு முறை வெளிச்சப் புள்ளியைக் காட்டி, கூடவே இரண்டு முறை ‘பீப்’ ஒலித்தார்கள். பார்த்தவர்கள் புள்ளி இரண்டு முறை மின்னியதாகச் சொன்னார்கள். நேரத்தைப் பொறுத்தவரை காதின் சொல்லே எடுபடுகிறது. இரண்டு ஒலிகளுக்கு நடுவே 2, 3 மில்லி வினாடி மௌனம் இருந்தால்கூட காது கண்டுபிடித்துவிடும். கண்ணால் அதன் அருகில்கூட வர முடியாது. எங்கே இருக்கிறது என்பதில் கண் கெட்டி, எப்போது என்பதில் காது கெட்டி. திரையை வடிவமைப்பவர் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டிய தகவல் இது.

இன்னொரு கோணம், கவனம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நில்லி லவி குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தன்னார்வலர்களுக்குத் திரையில் கடினமான தேடுதல் வேலை ஒன்றைக் கொடுத்து, நடுவில் ஒலி எழுப்பி, மூளையின் காந்தப்புல மாற்றங்களை அளந்தார்கள். கண்ணுக்கு வேலை கூடக் கூட, ஒலி வந்ததும் கேட்புப் பகுதியில் எழ வேண்டிய துடிப்பே சிறுத்துப்போனது. கேட்டும் கவனிக்கவில்லை என்பதல்ல இது. கேட்பதன் தொடக்க நிலையிலேயே மூளை காதுக்கான பங்கைக் குறைத்துவிட்டது. புத்தகம் படிப்பவரை அழைத்தால் பதில் வராததற்கு அலட்சியத்தைக் குறை சொல்ல முடியாது.

இதை மிக்ஸிங் மேசைக்கே கொண்டுவந்தவர்கள் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷ் மைக்ராஃப்ட், ஜோஷுவா ரீஸ், டோனி ஸ்டாக்மன். 2013-இல் அவர்கள், கணினியில் மிக்ஸிங் செய்து பழகியவர்களை உட்கார வைத்து, பல வகைத் திரைகளைக் கையாண்டுகொண்டே ஒலியில் வரும் மாற்றங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஸ்க்ரோல் செய்து தேட வேண்டிய திரையில் மாற்றத்தைக் கண்டுகொள்ள ஆன நேரம் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. திரைக்கு வெளியே ஒளிந்திருக்கும் ட்ராக் எங்கே என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதே மனதில்தான் சற்றுமுன் கேட்ட ஒலியையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒலியின் நுணுக்கங்கள் நினைவில் சில வினாடிகளுக்கு மேல் தங்குவதில்லை. இரண்டு அமைப்புகளில் எது மேல் என்று ஒப்பிட நினைப்பவர், மாற்றும் பட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முதலாவது மனதைவிட்டுப் போய்விடும். பட்டன் எந்த மூலையில் இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பதெல்லாம் கேட்கும் திறனைச் சேர்ந்த கேள்விகள்.

இனி ஸ்பெக்ட்ரம் அனலைசர். ஈக்யூ பிளக்-இன்களில் வளைகோட்டுக்குப் பின்னால் அலையலையாக ஆடும் அந்தப் படம். பார்க்க அறிவியல் கருவிபோல் இருப்பதாலேயே அதை யாரும் சந்தேகிப்பதில்லை. வினாடிக்கு 44,100 மாதிரிகள் கொண்ட ஒலியை 4096 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக எடுத்து ஆராய்கிறது என்று கொள்வோம். ஒரு துண்டின் நீளம் ஏறக்குறைய 93 மில்லி வினாடி. அதிலிருந்து கிடைக்கும் அதிர்வெண் கட்டங்கள் 10.8 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அமையும். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41.2 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அதற்கு அடுத்த ஸ்வரம் 43.65 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே கட்டத்தில் விழுகின்றன. பாட்டே ஸ்ருதி மாறிப் போயிருந்தாலும் அனலைசரில் அந்த இடத்தில் அதே மேடுதான் நிற்கும். காது அந்த ஸ்வரங்களின் மேல் அதிர்வுகளையும் சேர்த்துக் கேட்டு, ஒரு நொடியில் ‘இது வேறு’ என்று சொல்லிவிடும். துண்டை நீட்டினால் கட்டம் நுணுக்கமாகும், ஆனால் எப்போது நடந்தது என்பது மங்கிப்போகும். இது நிரல் எழுதியவரின் குறை இல்லை, ஃபூரியே கணிதத்தின் எல்லை.

இதற்காக அனலைசரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. சின்ன ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காத 30 ஹெர்ட்ஸ் உறுமலை அது காட்டிக்கொடுக்கும். என் அபிப்பிராயம், அதை அழைத்தால் வரும் இடத்தில் வைக்க வேண்டும், எந்நேரமும் கண்முன் ஆட விடக் கூடாது.

படம் காதோடு ஒத்துப்போக முடியும் என்பதற்கு ஒலியளவு காட்டும் மீட்டர்களின் வரலாறே சாட்சி. 1939-இல் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. வானொலி நிறுவனங்களும் சேர்ந்து வி.யு. மீட்டரின் குணத்தை வரையறுத்தன. ஒலி வந்ததும் அதன் முள் துள்ளி எழாது. உரிய இடத்தை எட்ட 300 மில்லி வினாடி எடுத்துக்கொள்ளும். கணநேர உச்சங்களை அது தவறவிடுகிறது என்று குறை சொல்வார்கள். ஆனால் காதும் ஒலியின் உரப்பைக் கணத்தில் முடிவு செய்வதில்லை, கொஞ்ச நேரம் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்கிறது. அந்த மந்தமான முள் காதின் நடையில் நடந்தது. டிஜிட்டல் காலத்தில் உச்சத்தை மட்டும் காட்டும் பட்டைகள் வந்தன. உச்சத்தைத் தாண்டாமல் ஒலியை எவ்வளவு நசுக்கி உரக்கலாம் என்ற போட்டியும் உச்சத்துக்குப் போனது. 2006-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பதைக் கணக்கில் எடுத்த அளவீட்டு முறையை வெளியிட்டது. 2010-இல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நிகழ்ச்சிகளுக்கு −23 எல்.யூ.எஃப்.எஸ். என்று உரப்பு இலக்கு வைத்தது. மீட்டரில் எதைக் காட்டுவது என்ற முடிவு ஒரு கண்டத்தின் ஒலிபரப்பையே மாற்றியது.

அந்த முள்ளை இன்று பிளக்-இன்களிலும் காணலாம். 1950, 60-களின் பல்டெக் ஈக்யூ, எல்.ஏ.-2ஏ கம்ப்ரஸர் போன்ற இரும்புப்பெட்டிகளைப் புகைப்படம்போல் திரையில் வரைந்து, திருகாணி, கீறல், மஞ்சள் விளக்கு வரை கொண்டுவந்திருக்கிறார்கள். முள்ளின் நிதானத்தைக் கொண்டுவந்தது பயனுள்ள வேலை. கீறல் யாருக்கு உதவும் என்று தெரியவில்லை. அசல் பெட்டியில் இரண்டு கையாலும் இரண்டு நாபைச் சேர்த்துத் திருப்பலாம். கண்ணை மூடிக்கொண்டும் திருப்பலாம். மவுஸுக்கு ஒரே விரல்தான். வட்டமான நாபை வரைந்துவிட்டு, அதை மேலும் கீழும் இழுத்துத் திருப்பச் சொல்வது உருவத்தை எடுத்துக்கொண்டு உபயோகத்தை விட்டுவிட்ட வடிவமைப்பு. ஸ்டாக்ஹோமின் ப்ராப்பல்லர்ஹெட் 2000-இல் வெளியிட்ட ரீசன் மென்பொருள் இதற்கு நல்ல விதிவிலக்கு. டேப் விசையை அழுத்தினால் கருவிகள் முதுகைத் திருப்பிக் காட்டும். பின்னால் கேபிள்கள் ஊசலாடும். எந்தக் கருவியிலிருந்து ஒலி கிளம்பி எதற்குள் போகிறது என்பதை ஒரு தலைமுறை அந்தக் கேபிள்களைப் பிடுங்கிச் செருகியே கற்றுக்கொண்டது.

கேட்பதில் மட்டும் திரை தலையிடுவதில்லை. என்ன இசை பிறக்கிறது என்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. 1989-இல் ஹாம்பர்க்கின் ஸ்டெய்ன்பர்க் நிறுவனம் வெளியிட்ட கியூபேஸ், பாட்டை இடமிருந்து வலமாக ஓடும் செவ்வகத் துண்டுகளாகத் திரையில் அடுக்கியது. துண்டை நகல் எடுத்து ஒட்டலாம். பல்லவி இரண்டாவது முறை வரும்போது புதிதாக வாசிக்க வேண்டிய அவசியம் போனது. 2001-இல் பெர்லினிலிருந்து வந்த ஏபிள்டன் லைவ், நேரக்கோட்டையே ஒதுக்கிவைத்த இன்னொரு திரையைத் தந்தது. கட்டம் கட்டமாக லூப்கள். எதை எப்போது தொட்டாலும் தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். பாட்டை முடிவு வரை எழுதி வைக்காமல் மேடையில் கட்டிப் பார்க்கும் பழக்கம் அதோடு வளர்ந்தது.

இங்கேதான் நம் இசைக்கு ஒரு வழக்கு இருக்கிறது. புதிய பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலான மென்பொருள்கள் 4/4 தாளத்தில், நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில் காத்திருக்கும். ஒரு வரிக்கு 16 கட்டங்கள். ஆதி தாளத்துக்கு இது சிரமமில்லை. மிஸ்ர சாபுவின் ஏழும் கண்ட சாபுவின் ஐந்தும் வேண்டுமென்றால் நாமே போய் மாற்ற வேண்டும். மாற்ற முடியும். ஆனால் இரவு பதினோரு மணிக்கு ஒரு மெட்டு தோன்றி அவசரமாகத் திறப்பவர், திறந்தபடி இருப்பதில்தான் தொடங்குவார்.

பியானோ ரோல் இன்னும் பெரிய சிக்கல். அதில் ஒவ்வொரு ஸ்வரமும் பியானோக் கட்டைக்கு நேரே ஒரு செவ்வகம். 12 படிகளில் ஏதோ ஒன்றில் அசையாமல் நிற்க வேண்டும். தோடி ராகத்தின் காந்தாரத்தை அதில் எங்கே வைப்பது? அது ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமே அல்ல; ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். செவ்வகத்தை வைத்தபின் அசைவைத் தனியாக, கீழே இன்னொரு பட்டையில், பிட்ச் பெண்ட் கோடாக வரைய வேண்டும். ஸ்வரம் மேலே, கமகம் கீழே. கர்னாடக இசையில் பிரிக்க முடியாத ஒன்றைத் திரை பிரித்து, பாதியை அலங்காரம் ஆக்கிவிடுகிறது. சென்னையில் சினிமாவுக்குக் கீபோர்டு வாசிப்பவர்கள் பிட்ச் வீலை விரலால் நெம்பி அந்தப் பிளவை எப்படியோ ஒட்டுகிறார்கள். அந்த உழைப்பு திரையில் எங்கும் தெரியாது.

மியூனிக்கின் பீட்டர் நாய்பேக்கர் உருவாக்கி 2001-இல் வந்த மெலடைன் வேறு வழியில் யோசித்தது. குரலை அளந்து, ஸ்வரத்தை உருண்டையான வடிவமாகவும், அதன் மேலேயே அசைவை ஒரு மெல்லிய கோடாகவும் வரைகிறது. கம்பிதம் என்ற கமக அசைவு அதில் அப்படியே தெரியும். ஆனால் அருகிலேயே, அந்தக் கோட்டை நேராக்கும் கருவியும் இருக்கிறது. கண்ணுக்கு நெளிவு பிழைபோலவும், நேர்க்கோடு சுத்தம்போலவும் தெரிகிறது. ராகம் அறியாத ஒருவர் திரையை மட்டும் பார்த்துத் திருத்தினால் தோடி போய்விடும். 2021-இல் இசைக்கலைஞர் கய்யாம் அல்லாமி, அரபு உள்ளிட்ட பல மரபுகளின் ஸ்ருதி அமைப்புகளை மையத்தில் வைத்து லைம்மா, அப்போட்டோம் என்ற இணையக் கருவிகளை வெளியிட்டார். 2024-இல் வந்த ஏபிள்டன் லைவின் 12-ஆம் பதிப்பு, வேறு ஸ்ருதி அமைப்புகளைத் திரையிலேயே காட்டத் தொடங்கியது. ஸ்ருதிப் படிகளுக்கு வழி பிறந்துவிட்டது. அசைவையே அடிப்படை அலகாகக் கொண்ட திரையைச் செய்ய வேண்டியவர்கள் கமகத்தோடு வளர்ந்தவர்கள்தான்.

‘திரை முக்கியமென்றால் பார்வையற்றவர்கள் எப்படி அருமையாக மிக்ஸ் செய்கிறார்கள்’ என்ற கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். ரீப்பர் என்ற மென்பொருளுக்கு ஓசாரா என்ற இலவச இணைப்பு உண்டு. பார்வையற்றோருக்கான என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஆஸ்திரேலியர் ஜேம்ஸ் டேயின் கைவண்ணம் அது. எந்த ட்ராக்கில் நிற்கிறோம், அது மியூட்டில் இருக்கிறதா, நேரம் என்ன என்பதை விசை அழுத்தும்போது பேசும். ஒலி வரம்பு மீறினால் அறிவிக்கும் வசதியும் அதில் இருக்கிறது. சிவப்பு விளக்கை வெறித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை; தேவைப்படும்போது அதுவே சொல்லும். இங்கே இடைமுகம் இல்லாமல் போகவில்லை. எதை, எப்போது, எந்த வரிசையில் தெரிவிப்பது என்ற முடிவுகள் கண்ணைத் தவிர்த்துவிட்டு எடுக்கப்பட்டிருக்கின்றன. ஏபிள்டன் லைவும் 12-ஆம் பதிப்பில்தான் திரைவாசிப்பான்களோடு பேசத் தொடங்கியது.

அந்தக் கீறல் விழுந்த இரும்புப்பெட்டிப் படங்கள் இங்கே முழுதாகத் தோற்கின்றன. திரைவாசிப்பானுக்கு அந்த நாப் பெரும்பாலும் வெறும் புள்ளிக்கூட்டம். அதன் பெயரும் தெரியாது, இப்போது எந்த எண்ணில் நிற்கிறது என்பதும் தெரியாது. துருவையும் விளக்கின் மஞ்சளையும் வாரக்கணக்கில் தீட்டுபவர்கள், ஒவ்வொரு நாபுக்கும் ஒரு பெயரும் ஒரு மதிப்பும் நிரலில் எழுதிவைக்க வேண்டும். அதற்கு அவ்வளவு நேரம் பிடிக்காது.